ரீப்பரில் விஎஸ்டி2, விஎஸ்டி3 இரண்டும். நண்பரிடம் லாஜிக், ஸ்டூடியோவில் புரோ டூல்ஸ்: எந்த வடிவத்தை நம்பி வேலை செய்வது?

சுருதிப்பெட்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பக்திப் பாடல்களுக்கும் குறும்படங்களுக்கும் வீட்டிலிருந்தபடியே இசைக்கோர்ப்புச் செய்து வருகிறேன். விண்டோஸ் கணினியும் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளும்தான் என் கருவிகள். அண்மையில் புதிய கணினிக்கு மாறியபோது பிளக்இன்கள் (ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் சேர்ந்து இயங்கும் சிறு செயலிகள்) எல்லாவற்றையும் மறுபடியும் நிறுவ வேண்டியிருந்தது. ஒவ்வொன்றை நிறுவும்போதும் விஎஸ்டி2, விஎஸ்டி3, ஏஏஎக்ஸ், கிளாப் என்று பிளக்இன் வடிவங்களின் கட்டங்கள் வரிசையாக வந்தன. எது எதற்கு என்று தெளிவாகத் தெரியாததால் எல்லாவற்றுக்கும் டிக் போட்டு நிறுவினேன். இப்போது எஃபெக்ட் பட்டியலைத் திறந்தால் ஒரே ஈக்யூ (ஒலியின் தாழ், உயர் அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) மூன்று இடத்தில் நிற்கிறது.

முதல் ஐயம்: விஎஸ்டி2, விஎஸ்டி3 ஆகியவற்றுக்கு இடையே ஒலித்தரத்தில் வேறுபாடு உண்டா? விஎஸ்டி3 தெளிவாகக் கேட்கிறது என்று சில காணொளிகளில் சொல்கிறார்கள். என் காதுக்கு அப்படி எதுவும் படவில்லை.

இரண்டாவது, என் பழைய புராஜெக்ட்கள் யாவும் விஎஸ்டி2 பிளக்இன்களைக் கொண்டு செய்தவை. அவற்றில் ஒன்றைப் பிரதியெடுத்து, குரல் டிராக்கில் இருந்த ஈக்யூவை நீக்கிவிட்டு, அதே ஈக்யூவின் விஎஸ்டி3 வடிவத்தை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். எல்லாக் குமிழ்களும் தொடக்க நிலையில் நிற்கின்றன. பாட்டு ஓடும்போது குமிழ்கள் தாமே திரும்புவதற்காக எழுதிவைத்திருந்த ஆட்டோமேஷனையும் காணவில்லை. ஒரே நிறுவனம் செய்த ஒரே பிளக்இன் தன்னுடைய அமைப்புகளையே அறியாமல் போவது எப்படி என்று விளங்கவில்லை. பழைய புராஜெக்ட்களை விஎஸ்டி3க்கு மாற்றத்தான் வேண்டுமா, மாற்ற வழி உண்டா?

மூன்றாவது, எனக்கு வயலின் பகுதிகளை வாசித்து அனுப்பும் நண்பர் மேக் கணினியில் லாஜிக் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை வைத்திருக்கிறார். இறுதி மிக்ஸிங் சென்னையில் ஒரு ஸ்டூடியோவில், புரோ டூல்ஸ் என்ற மென்பொருளில் நடக்கிறது. மூன்று இடங்களிலும் ஒரே பிளக்இன்கள் இருந்துவிட்டால் புராஜெக்ட்டை அப்படியே கைமாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் சில பிளக்இன்களை விலை கொடுத்து வாங்க இருக்கிறேன். பணத்தைப் போடும் முன் உங்கள் கருத்தை அறிந்துகொள்ள விரும்புகிறேன்.

மந்தரஸ்தாயி எழுதியது:

வணக்கம். உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது. விஎஸ்டி2, விஎஸ்டி3, ஏயு, ஏஏஎக்ஸ் என்பவை எல்லாம் ஒலிப்பதிவு மென்பொருளும் பிளக்இன்னும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான நடைமுறைகள் மட்டுமே. ஒலியை எந்த வகையில் கொடுத்து வாங்குவது, குமிழைத் திருப்பியதை எப்படித் தெரிவிப்பது, புராஜெக்ட்டைச் சேமிக்கும்போது எதை எழுதிவைப்பது ஆகியவற்றையே அவை வரையறுக்கின்றன. ஈக்யூவின் கணக்கு உள்ளே ஒன்றுதான். அதே நிரலைத்தான் தயாரிப்பாளர்கள் பல வடிவங்களில் தொகுத்து வெளியிடுகிறார்கள்.

ஐயம் இருந்தால் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே குரல் துண்டை இரண்டு டிராக்குகளில் வைத்து, ஒன்றில் விஎஸ்டி2 வடிவத்தையும் மற்றொன்றில் விஎஸ்டி3 வடிவத்தையும் ஒரே அமைப்புகளோடு போட்டு, ஏதாவது ஒரு டிராக்கில் ஒலியலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தானை அழுத்திவிட்டு ஓடவிடுங்கள். மாஸ்டர் மீட்டர் அசையாமல் கிடந்தால் இரண்டும் ஒன்றே. டேப் இரைச்சல், கோரஸ் போன்று தன்னிச்சையான அசைவு உடைய பிளக்இன்கள் மட்டும் இந்தச் சோதனையில் முழுதாக ஒழியாமல் கொஞ்சம் மிச்சம் காட்டும். ஒரே வடிவத்தை இரண்டு முறை போட்டாலும் அவை அப்படித்தான் காட்டும் என்பதால் அதை வடிவத்தின் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் ஏன் விஎஸ்டி3 என்று கேட்பீர்கள். காரணம் ஒலியில் இல்லை, உரிமத்தில் இருக்கிறது. ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996இல் தன் ஒலிப்பதிவு மென்பொருளான கியூபேஸோடு விஎஸ்டியை அறிமுகப்படுத்தியது. 1999இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் வாத்தியங்களும் பிளக்இன்னாக வர வழி பிறந்தது. மூன்றாம் பதிப்பு 2008இல் வெளியானது. அதன் பிறகு 2013இல் இரண்டாம் பதிப்பின் பராமரிப்பை நிறுத்தினார்கள். 2018 அக்டோபரில், பிளக்இன் எழுதுபவர்களுக்குத் தரும் மேம்பாட்டுத் தொகுப்பிலிருந்தே அதை நீக்கி, புதிய தயாரிப்பாளர்களுக்கு உரிமம் தருவதையும் முடித்துக்கொண்டார்கள். அதற்கு முன்பே கையெழுத்திட்டவர்கள்தான் இன்றும் விஎஸ்டி2 வடிவத்தை வெளியிட முடிகிறது. சர்ஜ் எக்ஸ்டி போன்ற திறந்த மூல சிந்தசைஸர்கள் விஎஸ்டி2இல் கிடைக்காமல் போனதற்கு இதுவே காரணம். 2022 ஜனவரியில், தங்கள் சொந்த மென்பொருள்களிலும் 24 மாதங்களுக்குள் விஎஸ்டி2 ஆதரவை விலக்கிக்கொள்வதாக ஸ்டைன்பெர்க் அறிவித்தது. ரீப்பர் அப்படி எதுவும் செய்யவில்லை. ஆகையால் உங்களுக்கு இன்று அவசரம் இல்லை. ஆனால் இனித் தொடங்கும் வேலைகளை விஎஸ்டி3இல் தொடங்குவதே அறிவுடைமை.

நடைமுறையில் விஎஸ்டி3இன் பெரிய வசதி எது என்று என்னைக் கேட்டால், அது குடியிருக்கும் இடம் என்பேன். சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ், அதற்குள் காமன் ஃபைல்ஸ், அதற்குள் விஎஸ்டி3 என்று ஒரே முகவரி. விஎஸ்டி2 டிஎல்எல் கோப்புகளுக்கு அப்படி ஓர் ஒழுங்கு இருந்ததே இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பம்போல் ஒரு கோப்புறையை உருவாக்கிக்கொண்டது. புதிய கணினியில் பாதிப் பிளக்இன்கள் காணவில்லை என்று புலம்பும் பதிவுகளில் பெரும்பாலானவை இந்தக் கோப்புறைக் குழப்பத்தில்தான் முடிகின்றன.

பட்டியல் மும்மடங்காகத் தெரிவதற்கு எதையும் அழிக்க வேண்டியதில்லை. ரீப்பரின் எஃபெக்ட் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் அதன் வடிவம் எழுதப்பட்டிருக்கும். 'விஎஸ்டி3:' என்ற முன்னொட்டை வடிகட்டியாகக் கொடுத்து ஒரு ஸ்மார்ட் ஃபோல்டரை உருவாக்கிக்கொண்டு, அன்றாடம் அதையே திறந்து வேலை செய்யுங்கள். விஎஸ்டி2 கோப்புகள் பழைய புராஜெக்ட்களுக்காகப் பின்னால் அமைதியாக இருக்கட்டும்.

இரண்டாவது கேள்விதான் சுவையானது. உங்கள் புராஜெக்ட்டின் ஆர்பிபி கோப்பை ஒரு பிரதி எடுத்து நோட்பேடில் திறந்து பாருங்கள். அது வெறும் எழுத்துக் கோப்பு. ரீப்பரோடு வரும் ரியாகாம்ப் கம்ப்ரஸரை ஒரு டிராக்கில் போட்டிருந்தால், 'விஎஸ்டி: ரியாகாம்ப்' என்று தொடங்கும் ஒரு வரியும், அதில் டிஎல்எல் கோப்பின் பெயரும், 1919247213 என்ற எண்ணும் இருக்கும். அந்த எண்ணை நான்கு பைட்டுகளாகப் பிரித்தால் ஆர், ஈ, சி, எம் என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் கிடைக்கும். விஎஸ்டி2 பிளக்இன்னின் அடையாளம் அவ்வளவுதான், நான்கு எழுத்து. அதன் கீழே பொருளற்ற எழுத்துக் குவியலாகச் சில வரிகள் நிற்கும். குமிழ்களின் நிலை முழுவதும் அதற்குள் இருக்கிறது. விஎஸ்டி3இல் அடையாளம் 16 பைட் நீளமுள்ள வேறோர் எண். ரீப்பரின் கண்ணுக்கு இவை இரண்டும் தொடர்பில்லாத இரு பிளக்இன்கள். ஒன்றை நீக்கிவிட்டு மற்றொன்றை வைத்தால், முன்னதன் எழுத்துக் குவியலைப் பின்னதிடம் கொடுக்க வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. ஆட்டோமேஷன் கோடுகளும் அந்தந்த எஃபெக்ட்டுக்குள்ளேயே சேமிக்கப்படுவதால், எஃபெக்ட்டை நீக்கியவுடன் அவையும் போய்விட்டன.

இந்த இடைவெளிக்கு ஸ்டைன்பெர்க் ஒரு பாலம் அமைத்தது. விஎஸ்டி3 பிளக்இன்னின் 16 பைட்டில், முதல் மூன்றில் 'விஎஸ்டி' என்ற ஆங்கில எழுத்துகள், அடுத்த நான்கில் பழைய நான்கெழுத்து அடையாளம், மீதி ஒன்பதில் பிளக்இன் பெயரின் முதல் எழுத்துகள் என்று தயாரிப்பாளர் அமைத்துவிட்டால், புதியது பழையதன் வாரிசு என்று கியூபேஸ் போன்ற மென்பொருள் அறிந்துகொண்டு அமைப்புகளை ஒப்படைக்கும். தயாரிப்பாளர் அதைச் செய்யாமல் விட்டிருந்தால் யாராலும் ஒன்றும் செய்ய இயலாது. அடையாளம் பொருந்தினாலும், உள்ளே இருக்கும் ஒவ்வொரு குமிழுக்கும் உரிய எண் இரண்டு வடிவங்களிலும் ஒன்றாக இருந்தால்தான் ஆட்டோமேஷன் தப்பும்.

கையால் மாற்ற வேண்டிய கட்டாயம் வந்தால், பழைய ஈக்யூவை நீக்காமல் அதன் பக்கத்திலேயே விஎஸ்டி3 வடிவத்தைப் போடுங்கள். பழையதன் சன்னலில், பிளக்இன்னின் சொந்த மெனுவிலிருந்து ஒரு பிரீசெட்டைச் சேமித்துப் புதியதில் அதைத் திறங்கள். ரீப்பரின் பிரீசெட் பட்டியில் சேமித்தால் பயனில்லை, அது அந்த வடிவத்துக்கு மட்டுமே உரியது. பிறகு ஆட்டோமேஷன் புள்ளிகளை ஒரு கோட்டிலிருந்து மற்றொரு கோட்டுக்குப் பிரதியெடுங்கள். இரண்டு வடிவங்களும் குமிழ்களை 0 முதல் 1 வரையிலான மதிப்புகளாகவே கையாளுவதால் பெரும்பாலும் வளைவு அப்படியே பொருந்தும். எல்லாம் சரிபார்த்த பிறகு பழையதை நீக்கலாம். முடிந்துபோன புராஜெக்ட்களுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை என்பது என் கருத்து.

கன்சோல்காரர் எழுதியது:

மந்தரஸ்தாயி அவர்கள் சொன்னவற்றில் ஒன்றைத் தவிர மற்றவை எனக்கு உடன்பாடே. முடிந்த புராஜெக்ட் என்று ஒன்று இந்தத் தொழிலில் கிடையாது. நான்கு ஆண்டு கழித்து, அதே பாடலைக் கன்னடத்தில் செய்ய வேண்டும், குரலை மட்டும் நீக்கிக் கொடுங்கள் என்று தயாரிப்பாளர் வருவார். அன்றைக்கு அந்தப் பிளக்இன் திறக்கும் என்பதற்கு யார் பொறுப்பு? ஆகவே வடிவத்தை மாற்றாவிட்டாலும் பரவாயில்லை, ஒவ்வொரு டிராக்கையும் எஃபெக்ட்டோடு ஒரு முறையும் எஃபெக்ட் இல்லாமல் ஒரு முறையும் வேவ் கோப்பாக ரெண்டர் செய்து புராஜெக்ட்டோடு வையுங்கள். வேவ் கோப்பு எந்த மென்பொருளிலும் திறக்கும்.

நான் புரோ டூல்ஸில் மிக்ஸ் செய்பவன் என்பதால் உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடை சொல்லலாம். பொதுவாக எந்த ஸ்டூடியோவுக்கும் பொருந்தும் விடையே இது. புரோ டூல்ஸ் ஏஏஎக்ஸ் வடிவத்தை மட்டுமே ஏற்கும். 2011இல் வந்த 10ஆம் பதிப்போடு அது அறிமுகமானது. 2013இல் 11ஆம் பதிப்பு 64 பிட்டுக்கு மாறியபோது, அதற்கு முந்தைய ஆர்டிஏஎஸ், டிடிஎம் ஆகிய இரண்டு வடிவங்களும் விடைபெற்றன. ஏஏஎக்ஸ் பிளக்இன் டிஜிட்டல் கையொப்பம் பெற்றிருந்தால்தான் புரோ டூல்ஸ் அதை ஏற்றும் என்பதால், வேறு வடிவக் கோப்பின் பெயரை மாற்றி உள்ளே நுழைக்கும் வேலை எல்லாம் நடக்காது. புளூ கேட் நிறுவனத்தின் பேட்ச்வொர்க் போன்ற இடைப்பெட்டிகள் உண்டு. அது தானே ஓர் ஏஏஎக்ஸ் பிளக்இன்னாகத் திறந்து, தனக்குள் விஎஸ்டி, விஎஸ்டி3 பிளக்இன்களை ஏற்றிக்கொள்ளும். சொந்தக் கணினியில் அது நல்ல கருவி. ஆனால் வாடிக்கையாளரின் செஷனில் (புரோ டூல்ஸ் புராஜெக்ட்டில்) நான் அதைப் போடமாட்டேன். அந்த செஷன் நாளைக்கு வேறோர் அறைக்குப் போனால் அங்கும் இடைப்பெட்டியும் அதற்குள் இருப்பதும் இருந்தாக வேண்டும்.

ஸ்டூடியோவை மனத்தில் வைத்துப் பிளக்இன் வாங்காதீர்கள். மிக்ஸ் செய்பவர் உங்கள் ஈக்யூவைத் திறந்து பார்க்கப் போவதில்லை. அவருக்கென்று கைப்பழக்கமான கருவிகள் இருக்கும். அவருக்குத் தேவை ஒழுங்கான வேவ் கோப்புகள். ரீப்பரின் ரெண்டர் சன்னலில் மூலத்தைத் தேர்ந்தெடுத்த டிராக்குகளின் ஸ்டெம் (டிராக்குக்கு ஒரு தனிக் கோப்பு) என்றும், எல்லையை முழுப் புராஜெக்ட் என்றும் வைத்தால் எல்லாக் கோப்புகளும் ஒரே புள்ளியில் தொடங்கும். 24 பிட் போதும். பதிவு செய்த சாம்பிள் ரேட்டை மாற்றாதீர்கள்; குறும்படம் என்றால் தொடக்கத்திலேயே 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்திருப்பது நல்லது. ரிவெர்ப் (எதிரொலிப்பு) ஓய்வதற்குள் கோப்பு முடிந்துவிடாதபடி டெயில் நேரத்தைக் கூட்டுங்கள். மாஸ்டரில் ஒலி உச்சத்தை அடக்கும் லிமிட்டர் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

எதை எஃபெக்ட்டோடு தருவது, எதை இல்லாமல் தருவது என்பதில்தான் பலருக்கும் தடுமாற்றம். கம்பளிபோல் பொத்தலைப் போர்த்தப் போட்ட ரிவெர்ப் வேறு, பாட்டின் அடையாளமாகவே நிற்கும் ரிவெர்ப் வேறு. சரணத்தின் கடைசிச் சொல்லில் மட்டும் திரும்பத் திரும்ப வரும் டிலே, கிடாரின் ஆம்ப் பிளக்இன், சுருதி திருத்திய குரல் ஆகியவற்றை எஃபெக்ட்டோடும் எஃபெக்ட் இல்லாமலும் இரண்டு கோப்புகளாகத் தாருங்கள். பொதுவான ஈக்யூ, கம்ப்ரஸர் ஆகியவற்றை நீக்கிவிட்டே தரலாம். பல டிராக்குகளிலிருந்து ஒலியை அனுப்பிச் சேர்க்கும் ரிவெர்ப் பஸ்ஸைத் தனிக் கோப்பாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. உங்கள் சொந்த ரஃப் மிக்ஸ் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். எந்த ஒலியை நோக்கிப் போகிறீர்கள் என்பது நான்கு பக்கக் குறிப்பைக் காட்டிலும் அதில் தெளிவாகத் தெரியும்.

கோப்புகளுக்குப் பெயர் வைப்பதைப் பற்றி ஒரு வேண்டுகோள். 'டிராக் 7-கிளூட்-ரெண்டர்-2' என்ற பெயரில் வந்த கோப்பு தவிலா தம்புராவா என்பதைத் திறந்து கேட்டால்தான் தெரியும். முப்பது கோப்புகளையும் அப்படித் திறந்து கேட்கும் நேரத்துக்கும் ஸ்டூடியோ வாடகை ஓடிக்கொண்டிருக்கும்.

மேக்வாசி எழுதியது:

லாஜிக் நண்பரைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். லாஜிக்கும் கராஜ்பேண்டும் ஆப்பிளின் ஏயு வடிவத்தை மட்டுமே ஏற்கும். விஎஸ்டி3 மேக்கில் நிறுவப்பட்டிருந்தாலும் அவற்றின் கண்ணில் படாது. இதற்காகத் தனியாக வாங்க வேண்டியதில்லை. வணிகப் பிளக்இன்களில் பெரும்பாலானவை ஒரே உரிமத்தில் ஏயு, விஎஸ்டி3, ஏஏஎக்ஸ் எல்லாவற்றையும் தருகின்றன. நிறுவும்போது எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது மட்டுமே கேள்வி. ஆனால் அந்த உரிமம் உங்கள் பெயரில் இருப்பது. உங்கள் நண்பருக்கு அவர் பெயரில் ஒன்று வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

அவருடைய மேக் ஆப்பிள் சிப் உடையதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2020இல் எம்1 வந்தபோது பிளக்இன்களைப் புதிதாகத் தொகுக்க வேண்டியதாயிற்று. இன்டெல்லுக்காக மட்டும் எழுதப்பட்ட ஏயு பிளக்இன்களை லாஜிக் ஒரு தனிச் செயல்முறையில், ஆப்பிளின் மொழிபெயர்ப்புச் செயலியான ரோசெட்டா 2 வழியாக ஓட்டும். ஓடும், கொஞ்சம் கூடுதல் சுமையோடு. புதிதாக நிறுவிய ஒவ்வோர் ஏயுவையும் லாஜிக் முதலில் பரிசோதிக்கும். அதில் தேறாதது மெனுவில் வராது. நிறுவிய பிளக்இன் காணவில்லை என்றால் பிளக்இன் மேனேஜரில் அதன் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, மறுபரிசோதனை கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

புராஜெக்ட்டையே கைமாற்ற வேண்டும் என்ற விருப்பம் உங்களுக்கு உறுதியாக இருந்தால், லாஜிக்கை வளைப்பதைவிட நண்பரை ரீப்பரை நிறுவச் சொல்வது எளிது. மேக்கிலும் ரீப்பர் உண்டு, 60 நாள் முழு வசதியோடு பயன்படுத்திப் பார்க்கலாம். நீங்கள் விஎஸ்டி3இல் செய்த புராஜெக்ட், அவரிடம் அதே பிளக்இன்னின் விஎஸ்டி3 வடிவம் இருந்தால் அமைப்புகளோடு திறக்கும். அவர் பழக்கத்தில் ஏயு வடிவத்தைப் போட்டுத் திருப்பி அனுப்பினால் உங்கள் விண்டோஸில் அது திறக்காது. விண்டோஸில் ஏயு என்பதே இல்லை. இந்த ஒன்றை மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். வெறும் வயலின் பகுதிதான் என்றால் இவை ஒன்றும் வேண்டாம். உங்கள் ரஃப் மிக்ஸையும் டெம்போவையும் அனுப்பி, வாசித்த வேவ் கோப்பை வாங்கிக்கொள்ளுங்கள்.

பென்குயின் எழுதியது:

கிளாப் கட்டத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பிட்விக், யூ-ஹீ என்ற இரண்டு இசை மென்பொருள் நிறுவனங்கள் சேர்ந்து 2022இல் வெளியிட்ட வடிவம் அது. எம்ஐடி உரிமத்தில் வருவதால் யாரிடமும் கையெழுத்துப் போடாமல் எவரும் பயன்படுத்தலாம். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே அசைக்கும் வசதி அதில் தொடக்கத்திலேயே இருக்கிறது. ரீப்பர், பிட்விக், எஃப்எல் ஸ்டூடியோ ஆகியவை ஏற்கின்றன. லினக்ஸில் நான் அதையே விரும்பிப் பயன்படுத்துகிறேன். எல்வி2 என்ற மற்றொரு திறந்த வடிவத்தில் மட்டும் கிடைக்கும் பிளக்இன்கள் சிலவற்றையும் ரீப்பர் அதே புராஜெக்ட்டில் ஏற்றிக்கொள்கிறது. விண்டோஸுக்கு மட்டும் வெளியான பிளக்இன்கள் சிலவற்றை விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் இயக்கும் வைனும், அதோடு சேர்ந்து பிளக்இன்களுக்குப் பாலமாகும் யாபிரிட்ஜும் கொண்டு ஓட்டுகிறேன். சுருதிப்பெட்டி அவர்கள் புதிதாகத் தொடங்குவதானால் கிளாப்பிலேயே தொடங்கலாமே?

மந்தரஸ்தாயி எழுதியது:

பென்குயின் அவர்களே, தனியாக வேலை செய்பவருக்கு உங்கள் ஆலோசனை பொருந்தும். கியூபேஸ், லாஜிக், புரோ டூல்ஸ் ஆகிய மூன்றும் கிளாப்பை ஏற்பதில்லை. சுருதிப்பெட்டி அவர்களின் வேலை நாலு பேர் கைக்குப் போய்வருவது. உரிமத்தைப் பற்றிய கவலையும் முன்போல் இல்லை, 2025இல் விஎஸ்டி3 மேம்பாட்டுத் தொகுப்பையும் ஸ்டைன்பெர்க் எம்ஐடி உரிமத்துக்கு மாற்றிவிட்டது. சர்ஜ் எக்ஸ்டி போன்ற ஒரு வாத்தியத்தில் சுரத்துக்குச் சுரம் தனி அசைவு வேண்டும் என்று தோன்றும்போது கிளாப் வடிவத்தைத் தேடிப் போகலாம். ஒரு சாதாரண ஈக்யூவுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

கன்சோல்காரர் சொன்ன திருத்தத்தை ஏற்கிறேன். வேவ் கோப்பாக எடுத்துவைப்பதற்கு மாற்றே இல்லை.

சுருதிப்பெட்டி எழுதியது:

விரிவாக விடையளித்த அனைவருக்கும் நன்றி. பிளக்இன் வாங்கும் எண்ணத்தை இப்போதைக்குக் கைவிட்டுவிட்டேன். நண்பர் ரீப்பரை நிறுவ ஒப்புக்கொண்டார்.

இன்னும் இரண்டு ஐயங்கள் மீதம் இருக்கின்றன. என்னிடம் உள்ள வீணை வாத்தியப் பிளக்இன்னை விஎஸ்டி3இல் போட்டு அதன் ஆட்டோமேஷன் பட்டியலைத் திறந்தால், 'மிடி சிசி' என்று தொடங்கும் வரிகள் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. விஎஸ்டி2 வடிவத்தில் இவை இல்லை. ஏதும் பழுதா? மற்றொன்று, பல ஆண்டுகளுக்கு முன் இலவசமாகப் பெற்ற ஒரு தம்புரா பிளக்இன் 32 பிட்டில் மட்டுமே இருக்கிறது. அதைத் தயாரித்தவரின் வலைத்தளமே இப்போது இல்லை. பக்திப் பாடல் புராஜெக்ட்கள் அனைத்திலும் அந்தத் தம்புராதான். புதிய கணினியில் அது திறக்கிறது, ஆனால் தனியே ஒரு சன்னலாகத் திறக்கிறது. இதை எத்தனை காலம் நம்பலாம்?

மந்தரஸ்தாயி எழுதியது:

முதலாவது பழுதன்று. இசை விசைப்பலகையின் பிட்ச் பெண்ட் (சுருதியை வளைக்கும்) சக்கரமும் மாட் சக்கரமும் அனுப்பும் மிடி செய்திகளை விஎஸ்டி2 அப்படியே பிளக்இன்னுக்குள் விட்டுவிடும். விஎஸ்டி3இல் அந்த வழி இல்லை. பிளக்இன் அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு குமிழை வைத்துக்கொண்டு, இந்த மிடி செய்தி வந்தால் இந்தக் குமிழைத் திருப்பு என்று மென்பொருளிடம் சொல்லிவைக்க வேண்டும். 128 கண்ட்ரோலர்கள், அவற்றோடு ஆஃப்டர்டச், பிட்ச் பெண்ட் என மொத்தம் 130. மிடி சேனல்கள் 16. பெருக்கினால் 2080. நீங்கள் காணும் வரிகள் அவைதாம். அவற்றைத் தொட வேண்டியதில்லை.

ஆனால் வீணை என்பதால் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். கமகத்துக்காகப் பிட்ச் பெண்ட்டை வளைத்து எழுதியிருப்பீர்கள். ஒரு பழைய வரியை இரண்டு வடிவங்களிலும் ஓடவிட்டு, இழுப்பு ஒரே இடத்தில் போய் நிற்கிறதா என்று கேளுங்கள். பெண்ட் எல்லையை விஎஸ்டி2 வடிவத்தில் நீங்கள் மாற்றிவைத்திருந்து, விஎஸ்டி3 வடிவம் தொடக்க மதிப்பில் நின்றால், காந்தாரத்தில் நிற்க வேண்டிய இழுப்பு வேறெங்கோ போய் நிற்கும். அப்படியானால் எல்லையைச் சரிசெய்தால் போதும்.

தம்புராவைப் பொறுத்தவரை, 64 பிட் ரீப்பர் 32 பிட் பிளக்இன்னைத் தனக்குள் ஏற்ற முடியாது. அதனால் ரீப்பர்_ஹோஸ்ட்32 என்ற துணைச் செயலியை வெளியே ஓடவிட்டு, அதற்குள் பிளக்இன்னைத் திறந்து, ஒலியை அங்கும் இங்கும் கடத்துகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் அந்தப் பெயரைக் காணலாம். தனிச் சன்னல் வருவதும் அதனால்தான். கியூபேஸ் தன்னுடைய இதுபோன்ற பாலத்தை 2016இல், 9ஆம் பதிப்போடு எடுத்துவிட்டது. மேக்கில் 2019இல் வந்த கேட்டலினாவோடு 32 பிட் முழுவதுமாக நின்றது. ரீப்பரின் தயவில் இது ஓடிக்கொண்டிருக்கிறது.

கன்சோல்காரர் எழுதியது:

தம்புராவுக்கு நான் ஒரு வழி சொல்கிறேன். அது ஓடிக்கொண்டிருக்கும் இப்போதே, ஒரு கட்டையிலிருந்து ஆறரைக் கட்டை வரை ஒவ்வொரு சுருதிக்கும், பஞ்சமத்தில் ஒன்றும் மத்யமத்தில் ஒன்றுமாகச் சில நிமிடங்கள் ஓடவிட்டு 24 பிட் வேவாக ரெண்டர் செய்துகொள்ளுங்கள். ரிவெர்ப் எதுவும் வேண்டாம். கோப்பின் பெயரில் கட்டையையும் மீட்டும் வேகத்தையும் எழுதுங்கள். நான்கு தந்திகளையும் மீட்டி முடியும் சுற்றின் எல்லையில் வெட்டினால் லூப் ஒட்டு காதில் படாது. அரைச் சுற்றில் வெட்டினால் எத்தனை கிராஸ்ஃபேட் போட்டாலும் தட்டும்.

பாடகர் கடைசி நேரத்தில் ஐந்து கட்டை வேண்டாம், ஐந்தரையில் பாடுகிறேன் என்றாலும் கோப்பை மாற்றிப் போட்டால் வேலை முடிந்தது. விசைப்பலகையில் அழுத்தி மாற்றத்தான் விருப்பம் என்றால், ரீப்பரோடு வரும் ரியாசாம்ப்ளோமேட்டிக் 5000இல் ஒவ்வொரு கோப்பையும் ஒரு விசைக்கு ஒதுக்கிக்கொள்ளலாம். பழைய புராஜெக்ட்களில் தம்புரா டிராக்கை அழிக்க வேண்டாம். பிளக்இன்னை ஆஃப்லைனில் வைத்துவிட்டு, அதன் கீழ் ஒரு புதிய டிராக்கில் வேவ் கோப்பை வைத்துச் சேமியுங்கள்.